ராஸ் தீவுக்குக் கட்டிப்போன கோடி

அம்மா மண்டபம் ரோடு,
ஸ்ரீரங்கம்.
4 நவம்பர் 2024

அன்பு மருமகள் ரஞ்சனிக்கு,

காவிரி, கொள்ளிடம் என்ற இரண்டு அகழிகளும் ஏழு மதில்களும் சூழ்ந்த ஸ்ரீரங்கத் தீவுக் கோட்டையின் தென்பகுதித் தளபதியும், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பை முப்பத்தாறு வருஷம் ஒற்றைச் சுத்தியலால் தாங்கி நின்றவரும், கல்யாணம் என்ற போரில் மட்டும் களம் புகாமலே தப்பித்தவரும், சிவன் பேரை வைத்துக்கொண்டு பெருமாள் ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவருமான உன் தாய்மாமன் மாத்ருபூதம் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்தது. கடற்கரையோரம் பதினோரு பங்கர்களை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் நான் எழுந்து நின்று விட்டேன். ஜப்பான்காரன் எண்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிப்போட்டு விட்டுப் போய்விட்டான். சண்டை போட்டவர்களே மறந்தாயிற்று. நம்ம கவர்மெண்ட் மட்டும் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்து அதற்கெல்லாம் தலை வாரி, பவுடர் போட்டு, டூரிஸ்டுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே எங்கள் கோட்டையும் கெட்டியாகத்தான் இருக்கிறது. போன மாதம் ராஜகோபுரத்துக்குள்ளே நுழைந்த ஒரு பெங்களூர்க் கார் இன்னும் வெளியே போக வழி தெரியாமல் உத்திர வீதியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் இருந்தவர்களுக்கு இங்கேயே ரேஷன் கார்டு போட்டாயிற்று.

அது கிடக்கட்டும். நாலு பக்கம் பங்கரைப் பற்றி எழுதிவிட்டு, கடைசி வரியில் 'அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நாளை ஸ்கேன்' என்று எழுதியிருக்கிறாய். அதை எதற்குக் கடைசியில் வைத்தாய்? என்ன ஸ்கேன்?

என் குரல் அக்கா காதில் விழக்கூடாது என்று உத்தரவாகி வரும் ஜனவரியோடு அஞ்சு வருஷம். உத்தரவை மீறி எங்கேயாவது நான் 'அக்கா' என்று சொல்லிவிடப் போகிறேனே என்று பயந்துதான் செல்போனை நஸ்ருல்லாவுக்குத் தானம் கொடுத்தேன். ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பக்கத்து லேத்தில் நின்றவன், பத்திரமாக வைத்திருப்பான். எழுதினால் யார் காதிலும் விழாது இல்லையா. அதனால் எழுது. ஸ்பீட் போஸ்டில் போடு.

உன்
மாமா


போர்ட் பிளேர்.
18 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்கேன் ரிசல்ட் வந்துடுச்சு. கணையத்துல கட்டி. ஈரல் வரைக்கும் போயிருக்காம். சென்னைக்குக் கூட்டிட்டுப் போனா சில மாசம் கூடலாம்னாங்க. அம்மா மாட்டேன்னுட்டாங்க. "அந்த மாசத்தையெல்லாம் ஆஸ்பத்திரியே வெச்சுக்கட்டும்"னாங்க. சித்திரைக்கு அப்புறம் எதையும் திட்டம் போட வேண்டாம்னு டாக்டர் என்கிட்ட தனியா சொன்னார்.

இதைக் கடைசி வரியில எழுதினதுக்குக் காரணம் இருக்கு. முதல் வரியில எழுதினா அதுக்கு மேல பேனா நகராது.

ஒரு விஷயம் கேக்கணும். நேத்து அம்மா திடீர்னு, "அந்த ராஸ் தீவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியாடி"ன்னாங்க. அப்பா போன அன்னிக்கு அங்க போனதுதான். அதுக்கப்புறம் அந்தப் பேரை எடுத்தாலே எழுந்து உள்ள போயிடுவாங்க. படகுத்துறை பக்கம் கூட வந்ததில்லை. என் வேலையே அங்கதான், ஆனா அஞ்சு வருஷமா வீட்டுல நான் "சைட்டுக்குப் போறேன்"னு மட்டும்தான் சொல்லுவேன். இப்ப அவங்களே கேக்கறாங்க.

அன்னிக்கு நான் பக்கத்துல நின்னேன் மாமா. 2020 ஜனவரி ஏழு. எனக்கு இங்க வேலை கிடைச்ச புதுசு, அம்மா மட்டும் பத்து நாள் என்னைப் பாக்க வந்திருந்தாங்க. அப்பா விமானம் வேண்டாம்னு உங்க வீட்டுல தங்கிக்கிட்டார். நாங்க தீவுல இறங்கி முதல் பங்கருக்குள்ள நுழைஞ்சப்ப உங்க போன் வந்தது. நீங்க பேசினது எனக்குக் கேக்கலை. அம்மா சிரிச்சதுதான் கேட்டுது. சிரிச்சுட்டு, "என் தம்பிக்கு வேற வேலை இல்லை"ன்னு போனைப் பையில போட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் தீவைச் சுத்திப் பாத்தோம், உள்ளே போனா ரெண்டு போனுக்கும் சிக்னல் கிடையாது. திரும்பி வந்து படகுத்துறையில போனை எடுத்தா பதினேழு மிஸ்டு கால். அப்பா போய் ரெண்டு மணி நேரம் ஆயிருந்தது.

என்னதான் சொன்னீங்க? அம்மா இன்னிவரைக்கும் சொன்னதில்லை. "என் புருஷன் சாகறதை எனக்கு ஜோக்கா சொன்னான்"னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க.

உங்களை வாங்கன்னு கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. கூப்பிடாம இருக்கவும் முடியலை. எப்படி எழுதறதுன்னு தெரியலை.

ரஞ்சனி


ஸ்ரீரங்கம்.
30 நவம்பர் 2024

ரஞ்சனிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று காவிரி மேட்டூர் வரைக்கும் திரும்பிப் போய்விட்டது என்று ஆரம்பித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். உச்சிப்பிள்ளையார் என்னைப் பார்த்து இரண்டு படி இறங்கி வந்தார் என்று ஆரம்பித்தேன். அதையும் கிழித்தேன். அறுபத்துநாலு வயதில் சாதாரணமாக ஒரு வாக்கியம் எழுதக் கற்றுக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

அன்று காலையில் அத்தானுக்கு நெஞ்சு வலித்தது. தெருமுனை டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். என்னை வாசலுக்கு அழைத்து, "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். வண்டிக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அத்தான் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "உங்க அக்காவுக்குப் போன் போடுப்பா. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் வாசலில் என்ன சொன்னார் என்று என் முகத்தில் தேடுகிறார். அந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். "அக்கா, அத்தான் ரொம்ப சீரியஸ். எமன் வந்துட்டான். கீழ எருமையைப் பார்க்கிங் பண்ண இடம் தேடிக்கிட்டிருக்கான். உடனே கிளம்பி வா."

அக்கா சிரித்தாள். "வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல ஸ்ரீரங்கத்துல எருமைக்கு ஏதுடா இடம், வந்த வழியே போகச் சொல்லு" என்றாள்.

அத்தானும் சிரித்தார். வலியோடு சிரித்தார். போனை வைத்ததும் மறுபடி போட எடுத்தேன். வெளியே போய்ப் பேசலாம் என்றுதான். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். அவ அந்தக் கோட்டையைப் பாத்துட்டு வரட்டும். முப்பத்தாறு வருஷத்துல நான் இல்லாம ஒரு இடத்துக்கும் போனதில்லை. சிரிக்கிறா பாரு. சாயங்காலம் சொல்லிக்கலாம்" என்றார்.

சாயங்காலம் வரவில்லை. ஏகாதசிக் கூட்டத்தில் வண்டி வந்து சேரவே நேரமாகி, பதினொன்றரைக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றின பிறகுதான் நான் மறுபடி கூப்பிட ஆரம்பித்தேன். அந்தப் பதினேழும் அதுதான். அவர் கையைத் தட்டிவிட்டு ஒன்பதரைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. என் தப்பு அதுதான், ஜோக் இல்லை. ஜோக்குக்காக அக்கா என்னைத் திட்டியபோது ஒரு வகையில் நிம்மதியாகக் கூட இருந்தது, உண்மையான தப்பு மறைந்துகொண்டது.

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். 'உன் சிரிப்பை அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்' என்று பிணத்துக்குப் பக்கத்தில் நின்று எப்படிச் சொல்வது? அவர் தடுத்தார் என்று செத்தவர் மேல் பழியைப் போடுவதா? இந்தப் பக்கத்தை அக்காவிடம் படித்துக் காட்டாதே. நீ கேட்டாய், உனக்குச் சொன்னேன்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். சேலை. அக்கா கையில் கொடு. என்னவென்று கேட்டால் ஒன்றும் சொல்லாதே. அவளுக்குத் தெரியும்.

மாமா


போர்ட் பிளேர்.
16 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நேத்து ராஸ் தீவுக்குப் போயிட்டு வந்தோம்.

முதல்ல சேலை விஷயம். மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர், ரொம்ப நல்லா இருந்தது. ஆனா பிரிச்சதுமே அந்துருண்டை வாசனை. அம்மாவுக்கு இப்ப எந்த வாசனையும் ஒத்துக்கறதில்லை, குமட்டும். அதனால அவங்ககிட்ட காட்டறதுக்கு முன்னால ரெண்டு தடவை சோப்புல அலசி, காய வெச்சு, இஸ்திரி போட்டு, அப்புறம் கையில குடுத்தேன். "மாமா அனுப்பினார்மா, ஞாயித்துக்கிழமை தீவுக்கு இதையே கட்டிக்கங்க"ன்னேன்.

அம்மா மடிப்பைத் தடவிப் பாத்தாங்க. "இதைத் துவைச்சிட்டியாடி?"

"ஆமாம்மா, ஏன்?"

சிரிக்க ஆரம்பிச்சாங்க மாமா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. எத்தனை வருஷம் ஆச்சு அப்படிச் சிரிச்சு. எதுக்குன்னு கேட்டா, "துவைச்சிட்டா, இஞ்சினீயர் துவைச்சிட்டா"ன்னு அதையே சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை அதையே கட்டிக்கிட்டு வந்தாங்க. எடை குறைஞ்சு போனதால இடுப்புல ரெண்டு சுத்து அதிகமா வந்தது.

படகுல இருந்து இறங்கினதுமே அந்த முதல் பங்கர். சாவி என்கிட்ட இருந்ததால கம்பிக் கதவைத் திறந்து உள்ளே ஒரு மடக்கு நாற்காலி போட்டேன். குனிஞ்சுதான் நுழையணும். உள்ளே ஒரு ஆள் கையை விரிச்சா ரெண்டு பக்கமும் முட்டும். கடலைப் பாத்து ஒரு நீட்டு ஓட்டை, துப்பாக்கிக்காக வெச்சது. சுவர்ல உப்பு பூத்திருக்கு, உள்ளே இருக்கற கம்பி துரு ஏறி வீங்கி சிமெண்ட்டை வெடிக்க வைக்குது. மேலே ஆலமர வேர் இறங்கியிருக்கு. நாங்க வேரைப் பிடுங்கறதில்லை, நுனியை மட்டும் வெட்டி விடுவோம். பிடுங்கினா கூரையே அதோட வந்துடும். இதையெல்லாம் அம்மாகிட்ட சொல்லிட்டே இருந்தேன், வேற என்ன பேசறதுன்னு தெரியாம.

அம்மா அந்த ஓட்டை வழியா கடலைப் பாத்துக்கிட்டே, "இங்கதான் நின்னு சிரிச்சேன்"னாங்க.

மாமா, நான் உங்க பேச்சைக் கேக்கலை. படிக்காதேன்னு எழுதின பக்கத்தைப் பையில கொண்டு போயிருந்தேன். அங்கேயே படிச்சுக் காட்டினேன். வேற எங்க படிக்கறதா இருந்தாலும் என்னால முடிஞ்சிருக்காது. வெளியே ஒரு டூரிஸ்ட் கும்பல் வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. அம்மா திரும்பவே இல்லை. படிச்சு முடிச்சதும், "அவர் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை படி"ன்னாங்க. படிச்சேன். "சிரிக்கிறா பாருன்னா சொன்னார்?" "அப்படித்தான் எழுதியிருக்கார்மா."

அப்புறம், "ஏன் அப்பவே சொல்லலை அவன்"னாங்க. "நீங்க அவரைப் பேச விட்டீங்களாம்மா"ன்னேன். கோபமா சொல்லிட்டேன். பேட்டரி வண்டியில உக்காத்தி வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். வந்ததுல இருந்து கட்டில்லதான் இருக்காங்க. பேச்சு குறைஞ்சிடுச்சு.

நான் செஞ்சது தப்பா?

ரஞ்சனி


ஸ்ரீரங்கம்.
27 டிசம்பர் 2024

உலக சரித்திரத்தில் கோடியைச் சோப்புப் போட்டுத் துவைத்த முதல் பொறியாளருக்கு,

வாழ்த்துகள். ஜப்பான் ராணுவம் உன் பங்கரை இன்னொரு தடவை பிடித்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி வந்திருக்காது. நஸ்ருல்லாவிடம் படித்துக் காட்டினேன். அவன் வீட்டு வழக்கமில்லை, ஆனாலும் அவனே தலையில் கை வைத்துக்கொண்டான்.

உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு பெண்ணுக்குப் புருஷன் போனால், பதினாறாம் நாள் பிறந்த வீட்டு ஆண்பிள்ளை ஒரு புதுச் சேலை கொண்டுபோய்ப் போடுவான். 'உனக்கு நாங்க இருக்கோம்' என்று நாலு பேர் முன்னால் சொல்வது அது. அதுதான் கோடி. தண்ணீர் படாத துணியாக இருந்தால்தான் கோடி என்று பேர். உன் அப்பாவுக்கு அம்மா மண்டபம் படித்துறையில் காரியம் நடந்தபோது நானும் தட்டில் வைத்துக் கொண்டு போனேன். நீ ஈரத்துணியோடு அந்தப் பக்கம் ஐயரிடம் நின்றாய், பார்த்திருக்க மாட்டாய். அக்கா தட்டை ஒற்றை விரலால் தள்ளினாள். "நீ பேசினது போதும். இனிமே உன் குரல் என் காதுல விழக்கூடாது." அத்தான் பக்கத்துக் காட்டூர்க்காரர்கள், என் ஒர்க்‌ஷாப்காரர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். படித்துறையில் இருந்து என் வீடு நாலு நிமிஷ நடை. அன்று நான் கன்னியாகுமரி வழியாக வந்தேன் என்று வைத்துக்கொள்.

அந்தச் சேலைதான் அது. அஞ்சு வருஷம் பீரோவில் அந்துருண்டையோடு கிடந்தது. அக்காவுக்கு நாள் குறைவு என்று நீ எழுதியதும், இப்போதாவது வாங்கிக்கொள்வாளா என்று அனுப்பினேன். அவள் வாங்கிக்கொண்டாளா, இல்லை நீ துவைத்துவிட்டதால் அது வெறும் சேலை ஆகிவிட்டதே என்று நிம்மதியாகக் கட்டிக்கொண்டாளா, இதை நான் யாரிடம் கேட்பேன்? எனக்கு இந்த ஒன்று தெரிந்தால் போதும். கேட்டு எழுது. எந்தப் பதிலாக இருந்தாலும் அப்படியே எழுது, சர்க்கரை போடாதே.

படித்துக் காட்டியது தப்பா என்று கேட்டாய். தெரியவில்லை. என்னை நீ எதிர்த்துச் செய்த முதல் காரியம். அஞ்சு வருஷம் முன்னாலேயே என்னை எதிர்த்திருக்கலாம்.

மாமா


போர்ட் பிளேர்.
7 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கேட்டேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதறேன்.

"துவைச்சது நீ. கட்டிக்கிட்டது நான். எதைக் கட்டிக்கிறோம்னு எனக்குத் தெரியாதா? எம் பொறந்த வீட்டுக் கோடிதான்னு அவனுக்கு எழுது."

அப்புறம், "இன்னொண்ணு பாக்கி இருக்கு. எனக்குப் போர்த்தறதுக்கு. அதுவும் அவன்தான் போடணும். அதைத் தபால்ல போடக் கூடாதுன்னு சொல்லு. நீ மறுபடி துவைச்சுடுவேங்கறதுக்காகச் சொல்லலை. கையில கொண்டுவரச் சொல்லு. நான் பாக்கறபோதே கொண்டுவரச் சொல்லு."

முதல்ல எனக்குப் புரியலை. புரிஞ்சதும் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னேன்.

இன்னிக்கு ஜனவரி ஏழு மாமா. அப்பா திதி இல்லை, தேதிதான். அம்மா காலையில இருந்து ஒரு வாய் கஞ்சிதான் குடிச்சிருக்காங்க. மஞ்சள் காமாலை வந்துடுச்சு. சித்திரைன்னு சொன்ன டாக்டர் இப்ப மாசமே சொல்றதில்லை.

கடல் கண்டா ஆகாது, விமானம் ஆகாதுன்னு அஞ்சு வருஷமா எழுதறீங்க. அதையெல்லாம் நான் நம்பலை. அம்மா மறுபடி தட்டைத் தள்ளிடுவாங்கன்னுதானே பயம்? தள்ள இப்ப அவங்க கையில பலம் இல்லை. தள்ளவும் மாட்டாங்க.

வாங்க.

ரஞ்சனி


ஸ்ரீரங்கம்.
14 ஜனவரி 2025

ரஞ்சனிக்கு,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன். ஆனாலும் எழுதாமல் கிளம்ப முடியவில்லை. கை பழகிவிட்டது.

பதினேழாம் தேதி விமானம். சென்னையில் மாறி வருகிறேன். டிக்கெட்டை நஸ்ருல்லாவின் மகள் இர்பானா போட்டுக் கொடுத்தாள். ஜன்னல் சீட்டு வேண்டுமா என்று கேட்டாள். எமர்ஜென்சி கதவை மடியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். நீ நம்பாவிட்டாலும் விமானப் பயம் நிஜம். மற்றதும் நிஜம், அதை நீ சரியாகத்தான் எழுதினாய்.

நேற்று பெரிய கடை வீதிக்குப் போனேன். பொங்கல் கூட்டம். ஷஹனாஸ் என்று சட்டையில் பேர் குத்தியிருந்த ஒரு பெண் சேலை எடுத்துப் போட்டாள். "யாருக்கு சார்?" அக்காவுக்கு என்றேன். "பொங்கச் சீரா?" அடுத்த சேலையைப் புரட்டினேன். "கல்யாண நாளா? என்ன விசேஷம்னு சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துப் போடுவேன்ல." கடைசியில், "ஊருக்குப் போறாங்கம்மா" என்றேன். "அப்ப கசங்காததா எடுத்துக்கங்க சார்" என்று சொல்லிப் பச்சையில் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். பெட்டியில் வேண்டாம் என்று கைப்பையில் வைத்திருக்கிறேன். கையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள் இல்லையா.

அவளிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால் விமான நிலையத்தில் சொல்.

மாமா


போர்ட் பிளேர்.
20 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தீங்கன்னு இர்பானா மெசேஜ் பண்ணினா.

வீடு அமைதியா இருக்கு. நீங்க இருந்த நாள்ல அம்மா அதிகம் பேசலைன்னாலும் பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் இருக்கறது தெரிஞ்சுது. நீங்க வந்த அன்னிக்கு முதல் வார்த்தைக்கு அவ்வளவு கவலைப்பட்டீங்க. அம்மாதான் முந்திக்கிட்டாங்க. "பையில என்ன, எடு." நீங்க பச்சைச் சேலையை எடுத்து நீட்டினீங்க. அம்மா பார்டரைத் தடவிப் பாத்துட்டு, "இதுக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டாம், அந்தக் கூலி மிச்சம்"னாங்க. நீங்க சிரிக்கவா அழவான்னு தெரியாம நின்னதை நான் மறக்க மாட்டேன்.

பதினோரு நாள். இருபத்தெட்டாம் தேதி நீங்க அதைப் பிரிச்சு, ஒரு மடிப்பு கசங்காம போர்த்தினீங்க. நான் கால்பக்கம் நுனியை இழுத்து விட்டேன்.

காரியம் முடிஞ்ச மறுநாள் ராஸ் தீவைப் பாக்கணும்னீங்க. கூட்டிட்டுப் போனேன். பங்கர் வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ளே வரலை. ஏன்னு கேட்டேன், குனிய முடியலைன்னீங்க. நம்பலை.

அதை விட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம் நான் மார்பின் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தப்ப அம்மா முகம் வேற மாதிரி இருந்தது. வலி இருக்கற முகம் இல்லை. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டிருந்தீங்க. அந்த ஒரு மணி நேரத்துல என்ன பேசினீங்க? அதுக்கப்புறம் அம்மா பேசவே இல்லை. அவங்க பேசின கடைசிப் பேச்சு உங்ககிட்ட இருக்கு. எனக்கும் அது வேணும்.

ரஞ்சனி


ஸ்ரீரங்கம்.
3 மார்ச் 2025

அன்பு மருமகளுக்கு,

பட்டம் பதவியெல்லாம் இந்தத் தடவை இல்லை.

பங்கருக்குள் ஏன் வரவில்லை என்று கேட்டாய். அங்கே அவள் சிரித்தாள், இங்கே அவர் சிரித்தார். நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். உள்ளே போய் நான் என்ன செய்ய?

அந்த மத்தியானத்தைச் சொல்கிறேன். நீ கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும், அது உன்னுடையதும்தான்.

நீ போனதும் அக்கா கண்ணைத் திறந்தாள். "அவர் சிரிச்சதைச் சொல்லு" என்றாள். சொன்னேன். கடிதத்தில் எழுதியபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். இனிமேல் அவள் விஷயத்தில் அப்படித்தான் என்று முடிவு பண்ணியிருந்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"உன் வாய்க்கு என்னடா ஆச்சு? கணக்கு வாத்தியார் மாதிரி சொல்றே. அவரே கணக்கு வாத்தியார்தான், நீயுமா? பெரிசா சொல்லு."

"பெரிசா சொல்லித்தானேக்கா அன்னிக்கு..."

"அன்னிக்கு விடு. இன்னிக்குச் சொல்லு."

சொன்னேன் ரஞ்சனி. அத்தான் சிரித்த சிரிப்பில் ராஜகோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் எழுந்து சமயபுரத்தில் போய் உட்கார்ந்தன என்றேன். கீழே எமன் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பயந்து எருமையை விட்டுவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான், பின்னாலேயே ஓடி வந்து ஏறிய எருமைக்கும் கண்டக்டர் டிக்கெட் கேட்டான் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதடு ஓரம் அசைந்தது. தோள் குலுங்கியது. அஞ்சு வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது, என்னால் நிறுத்த முடியவில்லை.

அப்புறம் கேட்டாள். "என் பேரைச் சொன்னாரா?"

உனக்குத் தெரியுமே. உன் அப்பா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'இந்தாம்மா' தான், 'ரஞ்சனி அம்மா' தான். அன்றும் சொல்லவில்லை. 'உங்க அக்கா' என்றார், 'அவ' என்றார். ஸ்ட்ரெச்சரில் ஏறின பிறகு ஒன்றுமே பேசவில்லை. இதுதான் நிஜம். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

"சொன்னார்க்கா" என்றேன். "ரெங்கநாயகின்னு முழுசா சொன்னார். ரெங்கநாயகி சிரிக்கிறா பாருன்னார்."

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலேயே, "பொய்யி" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பரவாயில்லை. இன்னொரு தடவை சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். அது முடிந்தபோதுதான் நீ வாசல் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

மாமா